மலையேறாத ட்ரக்டர்

கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ஹட்டனை நெருங்கும்போது ஜன்னலோரம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. எதிர்ச் சரிவு முழுக்க ஒரே பச்சை. சீப்பால் வாரிவிட்டதுபோல மட்டமாக நிற்கும் தேயிலை. கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிற ட்ரக்டரை இதன்மேல் ஓட்டிவிட்டால் என்ன? இத்தனை பெண்கள் எதற்குக் கூடை சுமக்க வேண்டும்?

கேட்டவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. ஜப்பானின் தெற்கில், ககோஷிமாவின் சமதரைத் தோட்டங்களில், ஏறக்குறைய அதைத்தான் செய்கிறார்கள். வரிசைக்கு இருபுறமும் கால் பரப்பி, செடிக்கு மேலே நின்றபடி நகரும் இயந்திரத்தில் ஒருவர் உட்கார்ந்து போகிறார்; கொழுந்து வெட்டுப்பட்டுப் பின்னாலிருக்கும் தொட்டியில் விழுகிறது. சோவியத் காலத்து ஜோர்ஜியாவிலும் 1960களில் ‘சகார்த்வேலோ’ என்ற கொழுந்து பறிக்கும் இயந்திரம் ஓடியது. ஆகவே கேள்வி நியாயமானது. ஹட்டனில் ஏன் முடியவில்லை என்பதற்கான பாதி விடை அந்தப் புல்வெட்டி ட்ரக்டரின் வயிற்றுக்கடியில் தொங்குகிறது.

அங்கே தொங்குவதன் பெயர் டெக். கவிழ்த்துப் போட்ட அகலமான இரும்புத் தாம்பாளம் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இரண்டு அல்லது மூன்று கத்திகள் கிடையாகச் சுழலும். புல்வேலை முடிந்து அதே ட்ரக்டரை மண் தள்ளவோ டிரெய்லர் இழுக்கவோ அனுப்ப வேண்டுமென்றால் டெக்கைக் கழற்றியாக வேண்டும். கெட்டியான சமதரையில் நிறுத்தி, டெக்கைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, கைபிரேக்கைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கீழே குனியலாம். எஞ்சினின் சுழற்சியை டெக்குக்குக் கொண்டுவரும் தண்டின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். அதைப் பின்னுக்கு இழுத்தால் தண்டு விடுபடும். முன்னும் பின்னும் டெக்கைத் தாங்கும் கம்பிகளின் ஊசிகளை உருவி, முன்சக்கரத்தை ஒருபக்கம் முழுக்க ஒடித்துவிட்டால், டெக்கைப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம். சின்னத் தோட்ட ட்ரக்டர்களில் தண்டுக்குப் பதில் பெல்ட்.

திரும்ப மாட்டும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும். தண்டிலும் அது நுழையும் குழலிலும் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். பல்லும் பள்ளமும் நேருக்கு நேர் வராவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் நுழையாது. சுத்தியலைத் தேடுவது தவறு. தண்டைக் கையால் இம்மி இம்மியாகத் திருப்பினால் ஓரிடத்தில் தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

அதோடு வேலை முடிந்ததென்று ஓட்டிக்கொண்டு போகிறவரின் புல்தரையில் மறுநாள் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தடம் தெரியும். மாட்டிய டெக்கை மட்டம் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது டெக்கை அல்ல, டயரை. ஒரு டயரில் காற்று குறைந்திருந்தால் ட்ரக்டரே சாய்ந்து நிற்கும். அதைத் தெரியாமல் டெக்கைச் சரிசெய்வது கோணல் மேசையில் வைத்துத் தராசைத் திருத்துவது மாதிரி. காற்றைச் சரிபார்த்த பின் இடக் கத்தியின் நுனியும் வலக் கத்தியின் நுனியும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பின்பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது நல்லது. கத்தி முன்னால் வரும்போது புல்லை வெட்டிவிட்டு, பின்னால் போகும்போது தொடாமல் கடந்துவிடும். இல்லையென்றால் ஒரே புல்லை இரண்டு தடவை வெட்டி எஞ்சின் வீணாக மூச்சிரைக்கும்.

இந்தக் கத்திக்குத் துணைக் கத்தி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கத்தரிக்கோலில் இரண்டு விளிம்புகள் ஒன்றையொன்று உரசி நடுவில் இருப்பதை நறுக்குகின்றன. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி அந்த வகைதான். கம்பளித் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை நறுக்கும் ஆலை இயந்திரத்திலிருந்து அவருக்கு அந்த யோசனை வந்தது. டெக்கின் கத்தியோ தனியாள். புல் வளைந்து நழுவுவதற்குள் அடித்து அறுக்க வேண்டியதால் வேகமே அதற்குத் துணை. அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலை கத்திநுனிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். சாவியைச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்.

சரி, இத்தனை நுணுக்கமாக மட்டம் பார்த்த ட்ரக்டரை ஹட்டன் மலையில் ஏற்றினால்?

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டாதே என்கின்றன. 15 பாகை என்பது கிடையளவில் நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 27 மீட்டர் ஏற்றம். மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளில் பல அதைத் தாண்டியவை. கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். இரு சக்கரங்களுக்கு இடையே 120 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால், அசையாமல் நிற்கும் ட்ரக்டர் 45 பாகை வரை கவிழாது. இதைக் கேட்டுத் தைரியம் கொள்வதுதான் ஆபத்து. மேல்பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் கல்லில் ஏறினால் உடனே 7 பாகை கூடும். கீழ்ப்பக்கச் சக்கரம் கானுக்குள் இறங்கினால் அதைவிட மோசம். மழைநீர் மண்ணை அரிக்காமல் இருக்கத் தேயிலை மலை நெடுக வெட்டிய கான்கள், குறுக்கே வரும் எந்தச் சக்கரத்துக்கும் பொறி. ஓட்டத்தின் குலுக்கலும் ஈரமண்ணின் வழுக்கலும் சேர்ந்தால் 45 என்ற எண் காகிதத்தில்தான் மிஞ்சும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வயிற்றுக்கடியில் தொங்கும் டெக் ட்ரக்டரின் ஈர்ப்பு மையத்தைக் கீழே இழுத்து வைக்கிறது. கழற்றியதும் மையம் சற்று மேலேறிவிடும். புல் வெட்டும்போது நின்ற சரிவில், டெக் இல்லாமல் அதே நிதானத்தோடு நிற்கும் என்று எண்ணக்கூடாது.

ஆக, ட்ரக்டர் ரோட்டோடு நின்றுவிடுகிறது. கொழுந்து மூட்டையை ஸ்டோர் எனும் தேயிலைத் தொழிற்சாலைக்கு இழுத்துப் போவது அதன் வேலை. மட்டம் பார்க்கும் வேலை? அது எப்போதோ மலைக்குள் போய்விட்டது, ஒரு குச்சியாக.

மட்டக்கம்பு என்பது அதன் பெயர். கொழுந்து பறிக்கும் பெண் செடிகளின் தலைமேல் அதைப் படுக்க வைக்கிறார். கம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எடுக்கிறார். இந்த மட்டம் ரசமட்டத்தின் மட்டமல்ல. செடிகளின் தலை, மலையின் சரிவுக்கு இணையாகச் சாய்ந்தே போகும். ட்ரக்டர் டெக்கும் அப்படியே. அடிவானத்தைப் பார்த்தல்ல, சக்கரம் நிற்கும் தரையைப் பார்த்தே அதை மட்டப்படுத்துகிறோம். நூறு கிலோவுக்கு மேல் எடை வரும் டெக்கைத் தாங்கும் கம்பிகளும் ஊசிகளும் டயர் அழுத்தமும் சேர்ந்து செய்யும் காரியத்தை மலையில் ஒரு கம்பும் ஒரு ஜோடிக் கண்களும் செய்துவிடுகின்றன.

மீதிப் பாதி விடை செடியில் இருக்கிறது. புல் அடியிலிருந்து வளரும். தலையை எத்தனை முறை சீவினாலும் வளரும் திசு கத்திக்குக் கீழே பத்திரமாக இருக்கும். தேயிலை நுனியில் வளரும். நுனியைக் கிள்ளினால் இலைக்கக்கத்தில் உறங்கும் மொட்டு விழித்துப் புதுக் கொழுந்து விடும். பறிக்கும் கை மொட்டோடு இரண்டு இலையைப் பார்த்து எடுக்கும். பக்கத்தில் இளசாக நிற்பதை அடுத்த வாரத்துக்கு விடும். நுனி உறங்கிப்போன வங்கியைத் தனியாக ஒடித்து எறியும். கத்திக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. முற்றல், இளசு, காம்பு, அரைகுறையாக வெட்டுப்பட்ட இலை எல்லாம் சேர்ந்தே வரும். 1925இல் நிறுவப்பட்டு இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் கொழுந்துக் கத்தரிகளையும் இயந்திரங்களையும் சோதித்துவருவதன் பின்னணி இதுதான். ஆள் குறைந்துபோன தோட்டங்களுக்குக் கத்தி தேவை. ஆனால் கத்தி உயரம் தவறினால் செடிக்குச் சோறு சமைக்கும் பராமரிப்பு இலைகளே போய்விடும்.

இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கும் கொழுந்து வெட்டி இந்த இழுபறியில் பிறந்த சமரசம். அதில் சுழலும் கத்தி இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து இடமும் வலமும் ஓடும் பல்வரிசைகள் கத்தரிபோல நறுக்கும். ஒரு விசிறி காற்றை ஊதி, வெட்டிய கொழுந்தைப் பின்னாலிருக்கும் பைக்குள் தள்ளும். ட்ரக்டரிலிருந்து கழற்றிய டெக் ஒன்றை நான்கு கைகள் சுமந்து போகின்றன என்றுகூடச் சொல்லலாம். சமதரைக்குச் சவாரி இயந்திரம் வைத்திருக்கும் ஜப்பானிலும் ஷிசுவோக்காவின் மலைச்சரிவுகளில் இதைத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

ஹட்டன் பக்கம் புல்லுக்கென்றே கத்தி பெருகிய கதை வேறு. 2015இல் இலங்கை அரசு கிளைபோசேட் களைகொல்லியைத் தடைசெய்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் 2018இல் அந்தத் தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் களை இடுப்பளவு ஏறிய மலைகளுக்குக் கையால் களை எடுக்கும் சுரண்டி போதவில்லை. தோளில் மாட்டும் புல்வெட்டும் மெஷின்கள் தேவைப்பட்டன. அவற்றின் கத்தியைக் கழற்றுவதில் புதிதாக வருகிற எல்லாப் பையன்களும் ஒரு முறை ஏமாறுவார்கள். பிளக் மூடியைக் கழற்றி, தண்டு சுழலாமல் ஊசி செருகி, நட்டை வழக்கம்போல் இடப்பக்கம் திருப்புவார்கள். நட்டு இன்னும் இறுகும். “தம்பி, மத்தப் பக்கம் திருப்புப்பா” என்று மூத்தவர் ஒருவர் சொல்ல வேண்டிவரும். அது இடமரை. கத்தி புல்லில் முட்டும்போது எழும் எதிர்விசை வலமரை நட்டைத் தளர்த்திவிடும் என்பதால் மரையையே திருப்பி வெட்டியிருக்கிறார்கள். முட்ட முட்ட இறுகும். வீட்டு மேசை விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நட்டும் இதே இனம்தான்.

கத்தியை மாட்டி, கல் தெறிக்காமலிருக்கும் கவசத்தையும் மாட்டிய பிறகு ஒரு விதி பாக்கி. மெஷின் ஓடும் இடத்திலிருந்து 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது. சுரண்டியோடு புல்லுக்குப் போன நாட்களில் பத்துப் பேர் ஒரே நிரையில் குந்தி, முதல்நாள் லயத்து வீடுகளில் நடந்ததையெல்லாம் பேசிக்கொண்டே மலையை முடித்துவிடுவார்கள். மெஷின்காரர் காதை அடைத்துக்கொண்டு தனியாக நிற்கிறார். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் அவர் எஞ்சினை நிறுத்தும் வரை அந்தப் பக்கம் திரும்புவதில்லை.