பெற்றவரின் விடுதலை

'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்கிறோம். தோழன் என்ற ஆண்பால் தற்செயலாக வந்ததல்ல. மகளின் தோளை யாரும் அளப்பதில்லை. அவளுக்கு 'வயசுக்கு வந்தாச்சு' என்கிற வேறு அளவுகோல். மகன் வளர்ந்தால் வாசல் திறக்கிறது. மகள் வளர்ந்தால் சாத்தப்படுகிறது.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் என் மகள் பாப்பாரப்பட்டி கடைவீதிக்குத் தனியாகப் போய்வர ஆரம்பித்தாள். டீக்கடையில் ஒருவர் கேட்டார்: 'என்னங்க, பாப்பாவ தனியா உட்டுட்டீங்க போல?' கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. ஆனாலும் அன்று ராத்திரி, 'இனிமே தம்பியையும் கூட்டிக்கிட்டு போம்மா' என்றேன். 'ரோட்டுல எனக்கு என்னப்பா ஆச்சு?' என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது எனக்குத்தான். பத்து வயசுப் பையன் அக்காவுக்குக் காவல்!

பெந்தாம் வரைந்த சிறைச்சாலையைப் பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதினார். நடுக்கோபுரத்தில் ஆள் இருக்கிறானா என்பது கைதிக்குத் தெரியாது. ஆகவே தன்னைத் தானே காவல் காக்கிறான். நம் வீடுகளில் மகள்தான் கைதி என்று நினைக்கிறோம். அப்பனும் கைதிதான், காவலாளியாக்கப்பட்ட கைதி. டீக்கடை, கோயில் திண்ணை, பங்காளி வீடு - இவைதான் கோபுரம். அங்கிருந்து கண்காணிக்கப்படுவது ஒழுக்கம் மட்டுமல்ல. அகமணமே சாதியின் சாரம் என்று 1916இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். சாதியின் எல்லைக்கோடு மகளின் உடல் வழியாகப் போகிறது. கோட்டைக் காக்கும் வேலை அப்பனுடையது.

இது வெறும் கோட்பாட்டுப் பேச்சல்ல. தருமபுரிக்குப் பக்கத்தில், தலித் இளைஞரை மணந்துகொண்ட வன்னியப் பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார். அதை வைத்து 2012 நவம்பர் 7இல் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடி எரிக்கப்பட்டன. ஒரு பெண் எடுத்த முடிவை அப்பனின் மானமாகவும், அதையே சாதியின் மானமாகவும் கணக்கெழுதினால் விலை இப்படித்தான் இருக்கும்.

ஆகவே வளரும் பிள்ளைக்கு நாம் 'சுதந்திரம் கொடுப்பது' என்ற பேச்சே தலைகீழானது. பெற்றவர் முதலில் ஊரின் பார்வையிலிருந்து விடுபட வேண்டும். 1989இன் குழந்தை உரிமை உடன்படிக்கை, பெற்றோரின் வழிகாட்டல் பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கேற்ப இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றது. நடைமுறையில் இதற்கு அர்த்தம், அவளால் முடிகிற காரியத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கையை எடுத்துக்கொள்வது: பஸ் நேரம், கைச்செலவு, சிநேகிதி வீடு, எந்தப் படிப்பு என்பது. லாரி ஓடுகிற ரோடு, இருட்டு, செல்போனில் வருகிற தொந்தரவு - இவை நிஜமான ஆபத்துகள். இவற்றை அவளோடு உட்கார்ந்து பேசுவது காவல் ஆகாது. ஒவ்வொரு தடைக்கு முன்னும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது அவளுடைய பத்திரத்துக்கா, என்னுடைய முகத்துக்கா?

தம்பி இப்போது கூடப் போவதில்லை. டீக்கடையில் அதே கேள்வி மறுபடி வந்தது. 'ஆமாங்க, தனியாத்தான் போறா' என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.