பூவைக் கிள்ளு, கிழங்கைக் காப்பாற்று!

ஏப்ரல் மாதம் ஹாலந்து நாட்டின் டூலிப் வயல்களைப் பார்க்கச் செல்பவர்கள் ஓர் அதிசயத்தைக் காணலாம். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கும் வயலில் திடீரென ஒரு நாள் இயந்திரம் இறங்கும். பூக்களின் தலையை மட்டும் சீவித் தள்ளிவிட்டுப் போய்விடும். அந்தப் பூவை யாரும் சந்தைக்கு அனுப்புவதில்லை. அந்த வயலின் மகசூல் பூவல்ல. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு!

பூவைச் சீவுவது ஏன்?

பூவை விட்டுவைத்தால் செடியின் சத்து விதைக்குப் போகும். பூவை அகற்றினால் இலை தயாரிக்கும் சத்து கிழங்கில் சேரும். ஆனால், பூ விரிவதற்கு முன் சீவமாட்டார்கள். நிறம் மாறிய செடி, கோடு விழுந்த நச்சுயிரி நோய்ச் செடி ஆகியவற்றைப் பூவை வைத்தே அடையாளம் கண்டு பிடுங்கி எறிவார்கள். ஜூன், ஜூலையில் கிழங்கைத் தோண்டி, பெரியதை விற்று, சிறியதை மறுபடி நடுவார்கள். ஸ்ரீநகர் டூலிப் தோட்டத்துக்கும் ஹாலந்துக் கிழங்குதான் வருகிறது.

நமக்கு என்ன பயன்?

குளிர் தேவைப்படும் டூலிப் நம் குன்றத்தூர்ப் பக்கம் வளராது. ஆனால் சம்பங்கி வளரும். கோயம்பேடு பூச்சந்தையும் அருகில் இருக்கிறது. சம்பங்கியையும் கிழங்கு கொண்டுதான் நட வேண்டும். 45 × 20 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 45,000 கிழங்குகள் தேவை. ஒரு கிழங்கு 25 முதல் 30 கிராம் இருக்க வேண்டும். அதாவது, ஒரு டன்னுக்கு மேல்! அத்தனையையும் விலைக்கு வாங்கினால் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. பூத்து ஓய்ந்த பழைய வயலின் கிழங்கை வாங்கினாலோ வேர்முடிச்சு நூற்புழுவும் கூடவே வந்து சேரும்.

சில சென்ட் ஒதுக்குங்கள்

தொழிற்சாலைகளும் மனைகளும் பெருகிவிட்ட ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நிலம் அருமைதான். இருந்தாலும், சில சென்ட் நிலத்தைக் கிழங்குக்கென்றே ஒதுக்குவது நல்லது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிரஜ்வல் போன்ற நல்ல ரகத்தில் கொஞ்சம் வாங்கி நடுங்கள். முதல் பூவைப் பார்த்து, ரகம் மாறியதையும் நோயுள்ளதையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு வரும் பூத்தண்டுகளை இளசாகவே கிள்ளிவிடுங்கள். ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆகவே மேட்டுப் பாத்தியே ஏற்றது.

சித்திரையில் தண்ணீரை நிறுத்தி, இலை பழுத்ததும் தோண்டுங்கள். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் ஒரு கொத்தே கிடைக்கும். வேரில் முடிச்சு இருந்தால் அந்தக் கொத்தை ஒதுக்கிவிடுங்கள். மற்றதை ஒரு மாதம் நிழலில் உலர்த்தி ஆனியில் நடலாம். பழைய இடத்தில் செண்டுமல்லி போட்டால் நூற்புழு குறையும்.

பூ இன்றைய செலவுக்குப் பணம் தரும். சொந்தக் கிழங்கு இருந்தால் அடுத்த நடவுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.