அன்னாசி என்றொரு மீன்

கெளுத்தியை வெறுங்கையால் பிடித்தவருக்கு அதன் முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் ஒன்று, மார்புத் துடுப்புகளில் ஒவ்வொன்று என மூன்றே முள்தான். குத்தினால் கை விண்விண்ணென்று கடுக்கும். தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் கெளுத்தி இனத்துக் குடும்பம் ஒன்றுக்கு இந்த மூன்று போதவில்லை. செதிலில்லாத அதன் உடம்பின் இரு பக்கமும் எலும்புத் தகடுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். தகட்டுக்கு ஒரு முள், பின்பக்கம் வளைந்தபடி. டோராடிடே என்பது குடும்பப் பெயர்.

இக்குடும்பத்தில் ஒரு மீட்டர் வரை வளரும் மீனும் உண்டு. அதிலேயே மிகச் சிறியவை ஃபிசோபிக்சிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டிலேயே ஒன்றைக் கண்டு பெயர் வைத்தார்கள். அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல், இந்தப் பேரினத்தில் அந்த ஒரு மீன்தான் என்று இருந்தது. 2005இல் பிரேசில் ஆய்வாளர்கள் மேலும் இரண்டு இனங்களை விவரித்தார்கள். ஒன்றின் பெயர் அனனாஸ். நாம் சொல்லும் அன்னாசியேதான். தென் அமெரிக்கப் பழங்குடிகளின் அந்தச் சொல், பழத்தோடு போர்ச்சுக்கீசியர் வழியாக நம் ஊருக்கு வந்தது. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் மீனுக்கும் பொருந்திவிட்டது.

இத்தனை முள்ளும் சண்டைக்கு அல்ல, விழுங்கவிடாமல் இருப்பதற்கு. ஆபத்து வந்தால் இக்குடும்பத்து மீன்கள் துடுப்பு முட்களை விரித்து, மூட்டில் பூட்டிக்கொள்ளும். விழுங்க வந்த வாயில் குறுக்கே நிற்கும். முள்ளின் அடிப்பகுதி குழியில் உரசும்போது கறகறவென்று சத்தமும் வரும். காற்றுப்பையை அதிரவைத்து உறுமுவதும் உண்டு. 'பேசும் கெளுத்தி' என்று மீன் வளர்ப்பவர்கள் அழைப்பது இதனால்தான்.

அமேசான் காட்டு ஓடைகள் பலவற்றில் தண்ணீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் ஓடும். மக்கும் இலைகளிலிருந்து இறங்கிய சாயம் அது. கரையோரம், ஓட்டம் மந்தமான இடங்களில் உதிர்ந்த இலைகள் அடுக்கடுக்காகப் படியும். பூச்சிப் புழுக்களும் சிறு ஓட்டுயிர்களும் அங்கே ஏராளம். இந்தக் குட்டி மீனுக்கு வீடும் அதுதான், சாப்பாட்டுக்கூடமும் அதுதான். பகலில் இலைக்கடியில் அசையாமல் கிடக்கும். இருட்டியதும் மூன்று ஜோடி மீசையால் துழாவி இரை தேடும்.

அதனால் இதைத் தேடுபவர்கள் தூண்டில் போடுவதில்லை. கைவலையால் இலைக்குப்பையை அள்ளித் தட்டில் கொட்டி, ஒவ்வோர் இலையாக விலக்குகிறார்கள். மக்கிய சுள்ளித் துண்டு என்று ஒதுக்கப் போகும்போது விரலில் சுருக்கென்று குத்தினால், அது சுள்ளி அல்ல.