லெமூர் கத்தினால் குழந்தைக்கு என்ன பிடிபடும்?

மூன்று மாதக் குழந்தைக்குத் தலையே சரியாக நிற்காது. ஒரு சொல்லுக்காவது பொருள் தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகும். ஆனாலும் காதில் விழும் பேச்சு, கண்ணால் பார்ப்பதை வகைபிரிக்க அதற்கு உதவுகிறது என்கிறார்கள் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் சாண்ட்ரா வாக்ஸ்மனும் அவரது குழுவினரும்.

2010இல் வெளியான அவர்களின் சோதனை எளிமையானது. மூன்று, நான்கு மாதக் குழந்தைகளுக்கு விதவிதமான டைனோசர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். சில குழந்தைகளுக்குப் படத்தோடு ஒரு குரல், இட்டுக்கட்டிய பெயர் ஒன்றைச் சொல்லி ‘இதைப் பார்’ என்றது. மற்றவற்றுக்கு வெறும் ‘பீப்’ ஒலி. பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு, புதிய டைனோசர் ஒன்றையும் மீன் ஒன்றையும் அருகருகே காட்டினார்கள். பேச்சைக் கேட்ட குழந்தைகள் இரண்டையும் சம நேரம் பார்க்கவில்லை. ஒன்று பழைய கூட்டத்தைச் சேர்ந்தது, மற்றது வேறு என்று கண்டுகொண்டன. பீப் கேட்டவற்றிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை.

வாய் திறக்காதவர்களிடம் நடக்கும் விசாரணையில் கண்தான் சாட்சி.

பேச்சே இல்லாமல் வகைபிரிக்க முடியாது என்று இதற்குப் பொருளல்ல. இதே வயதுக் குழந்தைகள் பூனையையும் நாயையும் படத்தை வைத்தே பிரித்தறிவதை பால் குவின், பீட்டர் ஐமஸ் ஆகியோர் 1993இலேயே காட்டியிருந்தார்கள்.

உண்மையான வியப்பு 2013இல் வந்தது. இம்முறை வாக்ஸ்மன் குழுவினர் டைனோசர் படங்களோடு மடகாஸ்கரின் நீலக்கண் லெமூருடைய குரலை ஒலிக்கவிட்டார்கள். லெமூர், நம்மூர்த் தேவாங்குக்குத் தூரத்து உறவு. அந்தக் கத்தலைக் கேட்டும் குழந்தைகள் வகைபிரித்தன! மனிதப் பேச்சையே தலைகீழாக ஓடவிட்டபோதோ, பலிக்கவில்லை. ஆறு மாதமானதும் லெமூர் செல்லாக்காசாகிவிடுகிறது.

மனித மொழிகளுக்குள்ளும் பாகுபாடு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் ஜெர்மன் பேச்சு உதவியது, கான்டோனீஸ் உதவவில்லை என்று 2019இல் தெரியவந்தது. ஜெர்மனின் தாளமும் ஏற்ற இறக்கமும் ஆங்கிலத்துக்கு நெருக்கமானவை.

அதற்காகக் கதவு முழுதாகச் சாத்தப்பட்டுவிடுவதில்லை. 2016இல் வெளியான ஆய்வில், ஒருவர் பேச மற்றவர் ‘பீப்’ ஒலியால் பதில் சொல்லும் சிறு காணொளியை ஆறு மாதக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு, வெறும் பீப் ஒலியே அவை வகைபிரிக்க உதவியது. அதே ஒலியை, உரையாடலோடு ஒட்டாமல் கேட்ட குழந்தைகளுக்கு அது பயன்படவில்லை.