எம்.ஏ. பொது நிர்வாகம்: நம்ம பொண்ணு படிக்கலாமா?



"பொண்ணு டிகிரி முடிச்சிட்டா. அடுத்து எம்.ஏ. பொது நிர்வாகம் படிக்கணும்னு சொல்றா. அது கலெக்டர் படிப்பாமே! குழுவுல கடன் கிடைக்குமா?" நம் கூட்டங்களில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இது இரண்டு வருஷப் படிப்பு. நம் சேமிப்புப் பணமும் அதில் போகிறது, பெண்ணின் இரண்டு வருஷமும் அதில் போகிறது. அதனால் என்ன படிப்பு, எப்படிக் கற்றுத் தருகிறார்கள், முடித்தால் என்ன வேலை என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

கலெக்டர் படிப்பா?

கலெக்டர் ஆவதற்கென்று தனியாக ஒரு படிப்பு கிடையாது. ஏதாவது ஒரு பட்டம் பெற்று, 21 வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 வருஷமும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5 வருஷமும் சலுகை உண்டு. அந்தத் தேர்வில் நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண். அந்தப் பாடங்களின் பட்டியலில் பொது நிர்வாகமும் ஒன்று. அந்த வகையில் இந்தப் படிப்பு கை கொடுக்கும். ஆனால் எம்.ஏ. முடித்தாலே கலெக்டர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் என்னதான் படிக்கிறார்கள்? அரசாங்கம் எப்படி முடிவு எடுக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, யார் செலவு செய்கிறார், யார் கணக்குக் கேட்கிறார் என்பதுதான் பாடம். யோசித்துப் பாருங்கள், இது நமக்கு ரொம்பப் புதுசு இல்லை. தீர்மான நோட்டு எழுதுகிறோம். வரவு செலவு வாசிக்கிறோம். ஊக்குநரை மாற்றுகிறோம். தணிக்கைக்குக் கணக்கு கொடுக்கிறோம். சின்ன அளவில் நாம் செய்வதும் நிர்வாகம்தான்.

மனுவின் பின்னாலேயே போகும் படிப்பு

இந்தப் படிப்பில் முக்கியமானது களப்பயிற்சி. நீச்சலைப் புத்தகத்தில் படிக்க முடியாது, தண்ணீரில் இறங்கணும். அதுபோல நிர்வாகத்தையும் ஆபீஸிலும் ஊரிலும்தான் கற்க முடியும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு தெருவில் பத்து நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் பெண்கள் மனு கொடுக்கிறார்கள். களப்பயிற்சிக்கு வந்த மாணவி அந்த மனுவின் பின்னாலேயே போகிறாள். 1994-ஆம் வருஷ தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது ஊராட்சியின் கடமை. ஆனால் கோளாறு எங்கே? மோட்டார் பழுதா? அதைச் சரிசெய்ய ஊராட்சியில் பணம் இருக்கிறதா? கூட்டுக் குடிநீர்த் திட்டமா? அப்படியானால் 1971-ல் தொடங்கிய குடிநீர் வடிகால் வாரியத்தைக் கேட்கணும். மனு எந்த மேசையில் நின்றது, ஏன் நின்றது, யார் கையெழுத்து பாக்கி என்று அவள் எழுதுகிறாள். அதுதான் பாடம்.

நாம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை, அவள் அந்தப் பக்கமும் போய்ப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் தெரிந்தவள்தான் நல்ல அதிகாரி ஆவாள்.

கலெக்டருக்கும் இதே பயிற்சிதான். ஐ.ஏ.எஸ். தேறியவர்களுக்கு முசூரியில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி அகாடமியில் பயிற்சி. வகுப்போடு முடிவதில்லை. கிராமத்தில் போய்த் தங்கணும். பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் ஏதாவது ஒரு மாவட்டத்தில் இருந்து வேலை பழகணும்.

நம் பக்கத்திலேயே திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில் 1956-ல் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம் இருக்கிறது. 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கிராமத்தில் தங்கிப் படிப்பது அங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

முடித்தால் என்ன வேலை?

முதல் வழி, போட்டித் தேர்வு. துணை கலெக்டர், டி.எஸ்.பி. போன்ற வேலைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1. அதற்கு அடுத்த நிலைப் பதவிகளுக்கு குரூப் 2. இவற்றுக்குப் பட்டம் போதும், எம்.ஏ. கட்டாயம் இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். எம்.ஏ. படித்தால் பாடம் பழகியிருக்கும், தேர்வுக்குத் தைரியம் வரும். தேறுவது அவள் உழைப்பில்தான். இன்னொரு விஷயம்: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் செய்த திருத்தப்படி, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்கணும். அதற்கான சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போதே வாங்கி வையுங்கள்.

இரண்டாவது வழி, கல்லூரி ஆசிரியர். அதற்கு எம்.ஏ. கட்டாயம் வேணும். அதோடு நெட் அல்லது செட் தேர்வும் தேறணும்.

மூன்றாவது வழி, திட்ட வேலைகள். வாழ்வாதார இயக்கம், தொண்டு நிறுவனங்கள், நம்மைப் போன்ற கூட்டமைப்புகள். கள அனுபவம் உள்ள பெண்களை இங்கே தேடுகிறார்கள். ஆனால் இவற்றில் பல ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியலாம். இதைத் தெரிந்துகொண்டே சேரணும்.

நான்காவது வழியை நாம் மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-ல் சட்டம் வந்தது. தலைவர் நாற்காலியில் பெண் உட்கார்ந்து, கணக்கை வீட்டு ஆம்பளை பார்க்கும் நிலைமை மாற வேண்டாமா? நிர்வாகம் படித்த பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், ஃபைலை அவளே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள்.

பணத்துக்கு என்ன செய்வது?

நகையை அடகு வைக்கும் முன், கந்து வட்டிக்குப் போகும் முன், வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கிடையாது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்புக் காலமும், அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அப்போதும் ஏறும், அதை மறக்க வேண்டாம். விடுதி, பஸ், புத்தகம் போன்ற சில்லறைச் செலவுக்குக் குழுக்கடன் வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணமாகி வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் வழி உண்டு. 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டம் முடித்தவரும் தபால் வழியில் இந்த எம்.ஏ. படிக்கலாம். அப்படிப் படிப்பவர் பக்கத்து ஊராட்சி அலுவலகத்தையும் கிராம சபையையும் தன் களமாக்கிக் கொள்ளணும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. களப்பயிற்சி உண்டா? எத்தனை வாரம்? அதற்கு மதிப்பெண் உண்டா?
2. எந்த அலுவலகத்துக்கு அனுப்புவார்கள்? கூட வரும் ஆசிரியர் யார்?
3. பெண்கள் வெளியூரில் தங்கப் பாதுகாப்பான ஏற்பாடு உண்டா?
4. பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகாரம் உள்ளதா? பாடம் எந்த மொழியில்?
5. போன வருஷம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

ஐந்தாவது கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மழுப்பினால் யோசித்துச் சேருங்கள்.

நமக்கும் ஒரு பொறுப்பு

களப்பயிற்சி மாணவர்கள் நம் ஊருக்கும் வரலாம். டீ கொடுத்து, "எல்லாம் நல்லா நடக்குது" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டாம். எந்தக் கடன் திரும்பி வரவில்லை, எந்த மனு தூங்குகிறது, எந்த ஆபீஸில் அலைய விட்டார்கள் என்று உள்ளதைச் சொல்வோம். அவர்கள் எழுதும் அறிக்கையின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குவோம். அதைக் கிராம சபையில் படிக்கச் சொல்வோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பட்டம் முடித்த பெண்கள் உள்ள வீடுகளைக் கணக்கெடுங்கள். அந்தப் பெண்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு இந்த ஐந்து கேள்விகளைப் படித்துக் காட்டுங்கள். வரும் கிராம சபைக்கு அவர்களையும் அழைத்துப் போவோம். கட்டணம் இல்லாமல் நிர்வாகம் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.