துண்டை நம்பிய கணக்குப்பிள்ளை

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து மடுவத்துக்கு வந்ததும் யாரும் அதை அப்படியே லொறியில் ஏற்றிவிடுவதில்லை. முத்தல் இலை கலந்திருக்கிறதா என்று பார்த்து, எடை போட்டு, கழிவு கழித்து, ஆளின் பெயருக்கு நேரே கிலோவை எழுதுவார்கள். கணினியில் இந்த வேலையைச் செய்வது பார்சர். வெளியிலிருந்து வரும் எழுத்துக்குவியலைப் பிரித்து, இது பெயர், இது தொகை, இது திகதி என்று இனம்காண்பது அதுதான். பார்சரைப் பெரும்பாலும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. திறந்த மூலமாகக் கிடைக்கும் நூலகத்தை எடுத்துப் பொருத்திக்கொள்வார்கள்.

அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 2004 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய கூட்டத்தில் அது உருவெடுத்தது. இலங்கைப் பொறியியலாளர்கள் அதில் நிறைய எழுதினார்கள். ஒரு கணினி இன்னொன்றுக்கு எக்ஸ்எம்எல் வடிவில் அனுப்பும் கடிதத்தை வாங்கிப் படிப்பது அதன் வேலை. ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் மென்பொருள்கூட அதைச் சேர்த்துக்கொண்டது.

2010இல் அதில் ஒரு ஓட்டை தெரியவந்தது. சிவிஇ-2010-1632 என்பது அதன் பதிவெண்.

எக்ஸ்எம்எல் கடிதத்தின் தலைப்பில், டிடிடி என்ற பகுதியில், சுருக்கப்பெயர்கள் வைக்கலாம். பார்சர் அந்தப் பெயரைக் கண்ட இடத்தில் முழு வாசகத்தையும் விரித்துப் போடும். நல்ல வசதிதான். ஆனால் "இந்தப் பெயர் வரும் இடத்தில், உன் அலுமாரியில் உள்ள கோப்பை எடுத்துச் சேர்" என்றும் அதில் எழுதலாம். முன்பின் தெரியாதவர் கொடுத்த துண்டைப் படித்துவிட்டு, அலுவலக அலுமாரியைத் திறந்துகொடுக்கும் கணக்குப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. முதல் பெயருக்கு மூன்றெழுத்துச் சொல் ஒன்று. இரண்டாவது பெயர், முதலாவதைப் பத்துத் தடவை சொல்லும். மூன்றாவது, இரண்டாவதைப் பத்துத் தடவை. இப்படிப் பத்தாவது பெயரை விரித்தால் நூறு கோடிச் சொற்கள்! ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கடிதம் நினைவகத்தில் மூன்று கிகாபைட்டை விழுங்கிவிடும்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். ஆக்சிஸ்2 படிக்கும் சோப் என்ற வகை எக்ஸ்எம்எல் கடிதங்களில் டிடிடி இருக்கவே கூடாது என்று விதியே சொல்லியிருந்தது. விதியை எழுதியாயிற்று, வாசலில் நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை. 1.5.2 பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது.

எக்ஸ்பாட் என்ற வேறொரு பார்சர் மடுவத்து வழிக்கே வந்தது. 2021இல் வெளியான 2.4.0 பதிப்பிலிருந்து, வந்த கடிதத்தின் அளவையும் விரிந்த அளவையும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. விரிந்தது 8 மெகாபைட்டைத் தாண்டி, வந்ததைப்போல் நூறு மடங்குக்கு மேல் போனால், படிப்பதை அங்கேயே நிறுத்திவிடும்.