சக்கரம் பொருந்தவில்லையா? வண்டியைத் தூக்கிப் போடாதீர்கள்!

பல வீடுகளில் அலமாரிக்கு மேல் ஒரு ரிமோட் டிரக் தூசி படிந்து கிடக்கும். மோட்டார் நன்றாக இருக்கும், பேட்டரியும் சார்ஜ் ஏறும். சக்கரம் மட்டும் உடைந்திருக்கும். அதே சக்கரம் கடையில் கிடைக்கவில்லை என்றதும், வண்டியின் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

பதினான்கு வயதாகும் என் அண்ணன் மகனும் அப்படித்தான் நினைத்தான். இரண்டு ஆண்டுத் தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து அவனே வாங்கிய 1/10 அளவு டிரக் அது. பள்ளித் தோழன் கொடுத்த பெரிய சக்கரங்கள் நான்கும் கையில் இருந்தும், மாட்ட முடியவில்லை. "வேற வண்டிதான் வாங்கணும் அத்தை" என்றான். "முதல்ல அளந்து பாருடா" என்றேன்.

அறுகோணத்தில்தான் விஷயம்

அச்சின் முனையில் குறுக்காக ஒரு சிறிய பின் செருகப்பட்டிருக்கும். அதன் மேல் அமரும் அறுகோணத் துண்டுதான் ஹெக்ஸ் ஹப். சக்கரத்தின் உள்பக்கத்தில் அதே வடிவில் ஒரு குழி இருக்கும். மோட்டாரின் சுழற்சி இந்த ஹப் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. வெளியே தெரியும் நட்டின் வேலை, சக்கரம் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது.

அறுகோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்தால், 1/10 டிரக்குகளில் பெரும்பாலும் 12 மி.மீ. இருக்கும், 1/8 வண்டிகளில் பெரும்பாலும் 17 மி.மீ. தோழன் கொடுத்த சக்கரங்களின் குழி 17. இதற்கென்றே 12-லிருந்து 17-க்கு மாற்றும் அடாப்டர்கள் விற்கின்றன. உள்பக்கம் நம் வண்டியின் அச்சில் பொருந்தும். வெளிப்பக்கம் பெரிய சக்கரத்தை ஏற்கும்.

சில இரு சக்கர இயக்க டிரக்குகளில் முன்சக்கரத்துக்கு ஹெக்ஸே இருக்காது. சக்கரத்துக்குள் பேரிங் வைத்திருப்பார்கள். எனவே வாங்கும் முன், முன்னும் பின்னும் கழற்றிப் பாருங்கள்.

மாட்டினால் மட்டும் போதாது

அடாப்டரின் தடிமன் முக்கியம். 6 மி.மீ. ஹப் இருந்த இடத்தில் சக்கரத்தை 12 மி.மீ. தள்ளி நிறுத்தும் அடாப்டர் வந்தால், ஒவ்வொரு பக்கமும் சக்கரம் 6 மி.மீ. வெளியே போகும். வண்டி எளிதில் கவிழாது. ஆனால் பேரிங்குக்குச் சுமை கூடும்.

அடுத்தது மோட்டார். பழைய டயரின் விட்டம் 120 மி.மீ., புதியது 144 என்றால், ஒரு சுற்றுக்கு வண்டி 20 விழுக்காடு கூடுதல் தூரம் போகும். சைக்கிளில் கடினமான கியரைப் போட்டு மேடேறுவது போல, மோட்டார் திணறிச் சூடாகும். மோட்டாரில் உள்ள பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தை மாற்றினால் இது சரியாகும். 18 பல் இருந்த இடத்தில் 15 பல் போட்டால் கணக்கு நேராகிவிடும்.

அண்ணன் மகன் இந்தக் கணக்கைத் தானே தாளில் போட்டுப் பார்த்தான். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, வண்டியைக் கீழே அழுத்தியபோது டயர் மேற்கூட்டில் உரசியது. அந்த ஓரத்தை வளைந்த கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினான். புது வண்டிப் பேச்சு அதோடு நின்றது.

ஓட்டும் முன் கவனிக்க

* நைலான் வளையமுள்ள நட்டு என்றால், அச்சின் மரை அந்த வளையத்தைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது பிடிக்காது.

* மரைப் பசையை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் தடவுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடலாம்.

* ஐந்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி, மோட்டாரின் சூட்டையும் நட்டுகளையும் பாருங்கள். வேகத்தில் கழன்று பறக்கும் சக்கரம் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் மேல் படலாம்.

அலமாரியில் கிடக்கும் வண்டியை இந்த வாரம் இறக்குங்கள். பிள்ளையின் கையில் ஓர் அளவுகோலைக் கொடுங்கள். புதிய வண்டி வேண்டுமா என்று அளந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.